மயக்க மருந்தும் நாம் மூச்சுவிடும் காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையின் மயக்கமருந்துப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒப்பரேஷனுக்கு முந்திய கிளினிக்கிற்கு வரும் நோயாளிகள், துணைக்கு வரும் உறவினர், தியேட்டர் தாதியர், பயிற்சிக்கு வரும் இளம் டொக்டர்மார் என எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். முதல் சில கேள்விகள் எல்லோருக்குமானவை. போகப் போகத் தியேட்டருக்குள் வேலை செய்பவர்களுக்கானவை கூடும்.

டொக்டர், மயக்க மருந்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம்? ஊசிதானே போடுறீங்க?

தூங்க வைப்பதற்குத்தான் பெரும்பாலும் ஊசி. அது சில நிமிடங்களில் தெளிந்துவிடும். ஒப்பரேஷன் முடியும்வரை தூக்கத்தைத் தொடர வைப்பது, அனேகமாக, மூச்சுக்குழாய் வழியே போகும் ஆவி மருந்து. செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் போன்றவை போத்தலில் திரவமாக வரும். மெஷினில் உள்ள வேப்பரைசர் அவற்றை ஆவியாக்கி ஒட்சிசனுடன் கலந்து அனுப்பும்.

நீங்கள் வெளிவிடும் அந்த ஆவி தியேட்டரில் நிற்கும் எங்களைப் பாதிக்காமல் இருக்க, ஒரு குழாய் அதை உறிஞ்சிக் கட்டடத்துக்கு வெளியே விடுகிறது. அந்தக் குழாயில் வடிகட்டி எதுவும் இல்லை. எங்களுக்குப் பாதுகாப்பு, ஆனால் வானத்துக்கு இல்லை. இந்த ஆவிகள் காபனீரொட்சைட்டைப் போலவே பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்து வைப்பவை. அதே எடைக்குப் பார்த்தால் அதைவிடப் பல மடங்கு கூட.

உள்ளுக்கு இழுத்தது உடம்பிலேயே கரைஞ்சு போகாதா?

மிகக் கொஞ்சம்தான். செவோஃப்ளூரேனில் ஏறத்தாழ 5 சதவீதம் வரை ஈரலில் மாற்றமடையும். ஐசோஃப்ளூரேனில் 0.2 சதவீதம். டெஸ்ஃப்ளூரேனில் 0.02 சதவீதம். மீதி எல்லாம் போன வழியே மூச்சோடு திரும்பி வந்துவிடும். நீங்கள் கண் விழிப்பதே அந்த மருந்து நுரையீரல் வழியாக வெளியேறுவதால்தான். நோயாளிக்கு அது நல்ல குணம். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வேலை குறைவு. கேடு கட்டடத்துக்கு வெளியேதான் தொடங்குகிறது.

எல்லா வாயுவும் ஒரே அளவு மோசமா?

இல்லை, வித்தியாசம் மிகப் பெரிது. 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ காபனீரொட்சைட்டின் வெப்பமாக்கும் திறனை 1 என்று வைத்தால், செவோஃப்ளூரேன் 130 முதல் 195 வரை (எந்த அறிக்கையின் கணக்கை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது), நைட்ரஸ் ஒக்சைட் (சிரிப்பு வாயு) சுமார் 270, ஐசோஃப்ளூரேன் 500க்குச் சற்று மேல், டெஸ்ஃப்ளூரேன் 2,500க்கு மேல்.

இந்த எண்களைக் கிளினிக்கில் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்பதில்லை. அதனால் இப்படிச் சொல்வேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். சாதாரண பெட்ரோல் கார் ஒரு தடவை போனால் 60 கிலோ அளவில் காபனீரொட்சைட் வெளியாகும். 250 மில்லிலீட்டர் செவோஃப்ளூரேன் போத்தல் ஒன்று காற்றில் கலந்தால் ஏறத்தாழ அந்த ஒரு பயணம். ஐசோஃப்ளூரேன் போத்தல் மூன்று பயணம். டெஸ்ஃப்ளூரேன் போத்தல் பதினைந்து பயணம். மேலும், ஐசோவும் டெஸ்ஸும் ஒரே வேகத்தில் தீர்வதில்லை. ஒரே ஆழத்துக்கு மயக்க, இழுக்கும் வாயுவில் ஐசோ 1.2 சதவீதம் போதும், செவோ 2 வேண்டும், டெஸ்ஃப்ளூரேன் 6 வேண்டும்.

டெஸ்ஃப்ளூரேன் அவ்வளவு மோசமென்றால் ஏன் வைத்திருக்கிறார்கள்?

உடல் பருத்தவர்களும் நீண்ட நேர ஒப்பரேஷன் முடிந்தவர்களும் சீக்கிரம் கண் விழிப்பார்கள் என்பதற்காக அதை விரும்பினார்கள். ஆனால் அந்தச் சில நிமிட வித்தியாசத்தை மற்ற மருந்துகளைக் கவனமாகக் கொடுத்தே பெரும்பாலும் ஈடுகட்டலாம். ஸ்கொட்லாந்து 2023இல் தன் பொது வைத்தியசாலைகளில் அதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி 1 முதல், வேறு மருந்து உதவாத நோயாளிகளுக்கு மட்டும்தான் அனுமதி.

நம் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. அது 22.8 பாகை செல்சியஸில் கொதிக்கும். கொழும்பில் ஏசி இல்லாத அறையில் போத்தலைத் திறந்தாலே கொதிநிலை தாண்டியாயிற்று. அதனால் தனியாக மின்சாரத்தில் சூடாக்கி அழுத்தத்தில் வைத்திருக்கும் வேப்பரைசர் வேண்டும். விலையும் கூட. புதிதாக வாங்க யாராவது திட்டமிட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து.

எங்கட தியேட்டர்ல டெஸ்ஃப்ளூரேன் இல்லையே. அப்ப நாங்க செய்ய ஒண்டும் இல்லைதானே?

நிறைய இருக்கிறது. நம்மைப் போன்ற இடங்களில் இரண்டு ஓட்டைகள்: நைட்ரஸ் ஒக்சைட், அளவுக்கு மீறித் திறந்து விடும் ஃப்ளோ (மெஷினுக்குள் நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் புது வாயு அனுப்புகிறோம் என்பது). அடுத்த சில பதில்கள் முழுக்க அவை பற்றித்தான்.

நைட்ரஸ் சிரிப்பு வாயுதானே, நூறு வருசத்துக்கு மேல பாவிக்கிற மருந்து. அதுல என்ன பிழை?

மருந்தாக அதில் பெரிய பிழை சொல்ல வரவில்லை. காற்றுக்குப் போனால்தான் பிழை. செவோஃப்ளூரேன் ஓரிரு ஆண்டுகளில் சிதைந்துவிடும். நைட்ரஸ் ஏறத்தாழ 110 ஆண்டுகள் இருக்கும். இன்று தியேட்டரில் விட்டது நம் பேரப்பிள்ளைகளின் காலம்வரை மேலே நிற்கும். ஓசோன் படலத்தையும் அது அரிக்கும். மயக்கும் வலிமையும் குறைவு என்பதால், மற்ற ஆவிகளைச் சில சதவீதத்தில் கொடுக்கும்போது இதை 50, 60 சதவீதம் என்று ஓட விடுகிறோம்.

மெஷினின் பின்பக்கம் தொங்கும் நீல நிறச் சின்னச் சிலிண்டரில் 1,800 லீட்டர் வாயு, எடையில் 3.4 கிலோ அளவு. அது முழுவதும் வெளியே போனால் 900 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். மேலே சொன்ன டெஸ்ஃப்ளூரேன் போத்தல் ஒன்றின் அளவு.

இதைவிடப் பெரிய விஷயம் கசிவு. ஸ்கொட்லாந்தில் எடின்பரோ பகுதி வைத்தியசாலைகளில் வாங்கிய நைட்ரஸையும் நோயாளிக்குக் கொடுத்த நைட்ரஸையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பகுதி நோயாளியின் மூக்கை எட்டவே இல்லை. சிலிண்டர் அறையிலிருந்து தியேட்டர்வரை சுவருக்குள் ஓடும் குழாய்களிலும் இணைப்புகளிலும், காலாவதியாகித் திருப்பி அனுப்பிய சிலிண்டர்களிலுமே போயிருந்தது. மற்ற இடங்களில் பார்த்தபோதும் இதே கதை. அமெரிக்க மயக்கமருந்து நிபுணர் சங்கமும் மையக் குழாய் முறையை மூடிவிட்டு, தேவையான இடத்தில் சிறு சிலிண்டரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. கசிவைத் தேடி அடைப்பதைவிட குழாயையே மூடுவது மலிவு, நிச்சயமும்கூட.

அப்ப பிரசவ வலிக்குக் குடுக்கிற வாயுவையும் நிப்பாட்டச் சொல்றீங்களா?

இல்லவே இல்லை. நைட்ரஸும் ஒட்சிசனும் பாதிப் பாதி கலந்த வாயு கிடைக்கும் இடத்தில், வலியில் இருக்கும் தாய்க்கு அதைக் கொடுங்கள். அவர் இழுக்கும்போது மட்டும் திறக்கும் வால்வு சரியாக வேலை செய்கிறதா, முகமூடி முகத்தோடு பொருந்துகிறதா, பாவிக்காத நேரம் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்தாலே வீணாவது குறையும். ஒரு தாயின் வலியில் மிச்சம் பிடித்துக் காலநிலையைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

ஓசோன் பிரச்சினை முடிஞ்சுதெண்டு பள்ளிக்கூடத்தில படிச்சமே?

1987இன் மொன்றியல் உடன்படிக்கையால் குளிர்சாதனப் பெட்டி வாயுக்கள் கட்டுப்படுத்தப்பட்டன, படலம் மெதுவாக ஆறி வருகிறது. நைட்ரஸ் ஒக்சைட் அந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. உலக அளவில் அதில் பெரும்பங்கு விவசாய உரத்திலிருந்து வருகிறது, மருத்துவத்தின் பங்கு சிறிது. ஆனால் தியேட்டர்க் குழாயை மூட உலக உடன்படிக்கை தேவையில்லை.

லோ ஃப்ளோ என்றால் நோயாளிக்கு ஒட்சிசனைக் குறைப்பதா? அது ஆபத்து இல்லையா?

மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி. பயம் நியாயமானதுதான், ஆனால் நடப்பது வேறு. நோயாளி வெளிவிடும் மூச்சு மெஷினுக்குள் சுற்றி வருகிறது. மெஷினில் உள்ள சோடா லைம் என்ற சுண்ணாம்புக் கலவை அதிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிக்கொள்கிறது, மீதியைத் திரும்பக் கொடுக்கலாம். மயங்கிய நிலையில் ஒரு வளர்ந்தவரின் உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலீட்டர் ஒட்சிசனைத்தான் எடுக்கும். நாம் புதிதாக 6 லீட்டர் அனுப்பினால், மிச்சம் எல்லாம் விலை உயர்ந்த ஆவியையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. லோ ஃப்ளோ என்றால் புதிதாகச் சேர்க்கும் வாயுவை 1 லீட்டர் அல்லது அதற்கும் கீழே கொண்டு வருவது. நோயாளி இழுக்கும் மூச்சின் அளவு குறைவதில்லை. அதிலுள்ள ஒட்சிசனின் சதவீதத்தைத் திரையில் பார்த்து நாம் தீர்மானிக்கிறோம்.

கணக்குச் சொல்கிறேன். சதவீதத்தையும் ஃப்ளோவையும் பெருக்கி 3ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை மில்லிலீட்டர் திரவம் தீரும் என்று ஏறத்தாழத் தெரியும். 2 சதவீதச் செவோ, 6 லீட்டர் ஃப்ளோ: மணிக்கு 36 மில்லிலீட்டர், போத்தல் 7 மணித்தியாலத்தில் காலி. அதே 2 சதவீதம், 1 லீட்டர்: மணிக்கு 6 மில்லிலீட்டர். குறைந்த ஃப்ளோவில் வேப்பரைசரைச் சற்றுக் கூட்டி வைக்க வேண்டியிருந்தாலும் மிச்சம் பெரிது.

செய்யும் முறை: முதல் சில நிமிடம் ஃப்ளோவைக் கூட்டி உடம்பில் மருந்தை ஏற்றுங்கள், பிறகு குறையுங்கள். குழாய் போடும் நேரம் வேப்பரைசரைத் திறந்தபடி ஃப்ளோவையும் ஓட விட வேண்டாம். ஃப்ளோவை நிறுத்தினால் போதும், ஆவி அறைக்குள் கொட்டாது. ஒட்சிசன் அளவையும் ஆவியின் அளவையும் காட்டும் மொனிட்டர் வேலை செய்யாவிட்டால் லோ ஃப்ளோ வேண்டாம். அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

சேர், செவோவில் 2 லீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கே?

கொம்பவுண்ட் ஏ பற்றிய பயம் அது. செவோஃப்ளூரேன், பொட்டாசியம் அல்லது சோடியம் ஐதரொட்சைட் கூடிய பழைய சோடா லைமோடு சேர்ந்தால் அந்தப் பொருள் உருவாகும். எலிகளில் அது சிறுநீரகத்தைப் பாதித்தது. மனிதரில் அப்படிப்பட்ட பாதிப்பை ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. அமெரிக்காவில் மருந்தோடு வரும் குறிப்பு, குறுகிய நேரத்துக்கு 1 லீட்டர், நீண்டால் 2 லீட்டர் என்று சொல்கிறது. பல நாடுகளில் அந்த வரையறையே இல்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது, சோடா லைம் கேனில் ஒட்டியிருப்பதை வாசிப்பது. வலிமையான காரம் இல்லாத, கல்சியம் ஐதரொட்சைட்டில் செய்த வகையென்றால் கொம்பவுண்ட் ஏ பற்றிய கவலை கிட்டத்தட்ட இல்லை. இன்னொன்றும் உண்டு. லோ ஃப்ளோவில் சோடா லைம் விரைவாகத் தீரும். நிறம் மாறியதை மட்டும் பார்த்து எறியாமல், நோயாளி உள்ளிழுக்கும் காற்றில் காபனீரொட்சைட் ஏறுகிறதா என்று திரையில் பார்த்து மாற்றினால் அதிலும் வீண் குறையும்.

வாயுவே வேண்டாம், முழுக்க ஊசியிலேயே மயக்கினால்?

புரோபஃபோல் என்ற மயக்க ஊசி மருந்தைப் பம்பில் ஓட விட்டு மயக்கும் முறை காலநிலைக்கு மிக நல்லது. சிரிஞ்சு, குழாய், பம்பின் மின்சாரம் எல்லாம் சேர்த்தும் ஆவி மருந்துகளைவிடக் கேடு பல மடங்கு குறைவு. ஆனால் பம்ப் வேண்டும், பழக்கம் வேண்டும், ஊசி ஏறிய இடம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். குழந்தைகளுக்குப் பல சமயம் செவோவே சுகம். ஆகவே, முடிந்த இடத்தில் செய்யுங்கள். முடியாத இடத்தில் லோ ஃப்ளோ செவோவும் நல்ல வழிதான்.

மிச்சமான புரோபஃபோலை சிங்க்கில ஊத்தினா என்ன? பால் மாதிரித்தானே இருக்கு.

ஊற்றாதீர்கள். நீரில் அது எளிதில் சிதையாது, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. கொழும்பின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலில்தான் முடிகின்றன. மிச்ச மருந்து எரிக்கும் கழிவோடு போக வேண்டும். அதைவிட நல்லது மிச்சமே வராமல் பார்ப்பது: 20 மில்லிலீட்டர் போதுமான இடத்தில் 50ஐ உடைக்காதீர்கள்.

முதுகில ஊசி போட்டா வாயுவே இல்லை. அதுதானே நல்லது?

நோயாளிக்கு நல்லதென்றால் கட்டாயம். சிசேரியனுக்கு நாங்கள் அதை முதலில் நாடுவதற்குக் காரணம் தாயின் பாதுகாப்பு. காலநிலைக் கணக்கில் மட்டும் அவசரப்பட வேண்டாம். மெல்பேர்னில் முழங்கால் மாற்று ஒப்பரேஷன்களில் மூன்று முறைகளையும் அளந்தார்கள். ஓர் ஒப்பரேஷனுக்குக் காபனீரொட்சைட் கணக்கில் முழு மயக்கத்துக்கு 14.9 கிலோ, முதுகு ஊசிக்கு 16.9, இரண்டும் சேர்ந்ததற்கு 18.5. கிட்டத்தட்ட ஒன்றுதான். முதுகு ஊசியில் ஒட்சிசனைத் தாராளமாக ஓட விட்டதும், கழுவிக் கிருமி நீக்க நிலக்கரி மின்சாரம் செலவானதும் காரணம். நம் நாட்டிலும் நுரைச்சோலையின் 900 மெகாவாட் மின்நிலையம் நிலக்கரியில்தான் ஓடுகிறது. ஒட்சிசன் அளவு சரியாக உள்ள நோயாளிக்கு 6 லீட்டர் ஒட்சிசன் முகமூடியைப் பழக்கத்தில் மாட்டாதீர்கள்.

எல்லாம் ஒருதரம் பாவிச்சு எறியிற சாமானா வந்துட்டுது. கழுவிப் பாவிக்கிறது சுத்தமா?

சரியாக ஒட்டோகிளேவ் செய்தால் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால்) சுத்தம்தான். பச்சைத் துணிகளையும் கவுன்களையும் சலவைக்கு அனுப்பி, தொண்டைக்குள் பார்க்கும் உருக்கு லரிங்கோஸ்கோப்பைக் கழுவிப் பாவித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். வசதி வந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு பிளாஸ்டிக்குக்கு மாறுவது முன்னேற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இது உண்மையான வருத்தம். மற்ற நாடுகள் இப்போது சிரமப்பட்டுத் திரும்பி வரும் இடத்தில் நாம் ஏற்கெனவே இருக்கிறோம். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் கழுவுவதன் லாபம் குறையும் என்பது உண்மை, மேலே மெல்பேர்ன் கணக்கில் பார்த்தோம். அதற்கு வழி கழுவும் இயந்திரத்தை முழுதாக நிரப்பி ஓடவிடுவதும் கூரையில் சூரிய மின்கலம் வைப்பதும்.

எறிந்த பொருள் மறைந்துவிடுவதில்லை என்பதைக் கொழும்புக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பை மலை வீடுகள் மேல் சரிந்து 32 பேர் இறந்தார்கள். 2019இல் கொழும்புத் துறைமுகத்தில் பிரித்தானியக் கழிவு நிரம்பிய கொள்கலன்கள் பிடிபட்டன. அவற்றில் வைத்தியசாலைக் கழிவும் இருந்ததென்று சுங்கப் பிரிவு சொன்னது. 263 கொள்கலன்களையும் திருப்பி அனுப்பி முடிய 2022 பெப்ரவரி ஆயிற்று.

தியேட்டருக்குள் உடனே செய்யக்கூடியது, மஞ்சள் பையில் தொற்றுக் கழிவை மட்டும் போடுவது. சிரிஞ்சின் கடதாசி உறையும் பெட்டியும் மஞ்சளுக்குள் போனால் வீணாக எரிக்கப்படும்.

வெளியேறும் வாயுவைப் பிடிச்சு வைக்கிற கரிப் பெட்டி இருக்காமே?

இருக்கிறது. ஆனால் மருந்தில் ஒரு பகுதி நோயாளியின் உடம்போடு வார்டுக்குப் போய் அங்கே வெளியேறுவதால், பெட்டி எல்லாவற்றையும் பிடிக்காது. நைட்ரஸையும் பிடிக்காது. 6 லீட்டரை ஓட விட்டுப் பெட்டி வாங்குவதில் அர்த்தமில்லை.

செவோ ஒரு வருசத்தில மறையுதெண்டா ஏன் இவ்வளவு கவலை? அதுவும் இலங்கை எவ்வளவு சின்ன நாடு?

நல்ல கேள்வி. காலநிலை விஞ்ஞானம் தெரிந்தவர்களே இந்த வாதத்தை வைக்கிறார்கள். குறுகிய ஆயுள் வாயுக்களை 100 ஆண்டுக் கணக்கில் எடைபோடுவது அவற்றின் கேட்டைப் பெரிதாகக் காட்டும். நூற்றாண்டுகள் தங்கும் காபனீரொட்சைட்டே முதல் எதிரி என்கிறார்கள். நான் இதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். அதனால்தான் என் வரிசையில் முதலில் நைட்ரஸ், அப்புறம் மின்சாரம். இரவில் காலியாக இருக்கும் தியேட்டரில் பகல் போலவே ஏசியும் காற்றோட்டமும் ஓடுவது செவோவைவிடப் பெரிய பிரச்சினை.

ஆனால் செவோவைக் கொட்டலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு போத்தலும் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்குவது. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்ததை மறக்க முடியாது. உலகை நாம் மாற்றாவிட்டாலும், மிச்சம் பிடித்த போத்தல் அடுத்த நோயாளிக்கு உதவும்.

நான் நோயாளி. என்ர ஒப்பரேஷனால காத்துக் கெடுதெண்டா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. நான் என்ன செய்யேலும்?

அந்தப் பாரம் உங்களுடையது அல்ல, எங்களுடையது. தேவையான ஒப்பரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். மருந்தைத் தேர்வதை உங்கள் டொக்டரிடம் விடுங்கள். கேட்க ஆசையென்றால் தாராளமாகக் கேளுங்கள்.

உங்கள் கையில் உள்ளது ஒன்று: சொன்னபடி வயிற்றைக் காலியாக வைத்து வருவது. பொதுவாகச் சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம், தண்ணீருக்கும் வெறும் தேத்தண்ணிக்கும் 2 மணித்தியாலம். பால் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் சேரும். அதைக் குடித்துவிட்டு வந்து கடைசி நேரத்தில் ஒப்பரேஷன் நின்றால், எடுத்து வைத்த மருந்துகளும் உடைத்த பொருட்களும் குப்பைக்குத்தான்.

நான் ஜூனியர். மேல உள்ளவங்க 6 லீட்டரைக் குறைக்க விடமாட்டாங்க. எப்படித் தொடங்கலாம்?

வாக்குவாதத்தில் தொடங்காதீர்கள். மருந்தகத்தில் ஒரு மாதத்துக்கு எத்தனை போத்தல் செவோ, எத்தனை நைட்ரஸ் சிலிண்டர் போகிறது என்று கேட்டு எழுதுங்கள். எத்தனை ஒப்பரேஷனில் நைட்ரஸ் உண்மையில் கொடுத்தோம் என்பதைத் தியேட்டர்ப் புத்தகத்தில் எண்ணுங்கள். இரண்டும் ஒட்டாது. அந்தத் தாளைக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவிடமும் உங்கள் நிபுணரிடமும் காட்டுங்கள். ரூபாயில் பெருக்கியும் காட்டுங்கள்.

ஃப்ளோவைக் குறைப்பதை, அனுமதி கேட்டு, ஆரோக்கியமான நோயாளியின் நீண்ட ஒப்பரேஷன் ஒன்றில் நிபுணர் பக்கத்தில் இருக்கும்போது செய்து காட்டுங்கள். அலார்ம் அடித்தால் உடனே ஃப்ளோவைக் கூட்டுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.